பூச்சி மாத்திரை கொடுத்தும் மறுபடி வருவது ஏன்?

கேள்வி (குலசேகரம்):
பிப்ரவரியில் பள்ளியில் பூச்சி மாத்திரை தின்ற என் ஏழு வயது மகனுக்கு, ஜூன் மாதத்திலேயே மலத்தில் மண்புழு நீளத்தில் வெளிறிய புழு வந்தது. மிட்டாய் தின்பதால்தான் என்கிறார் மாமியார். எனக்கும் இரத்தம் எட்டு கிராம்தான் இருக்கிறதாம். நானும் கணவரும் ரப்பர் பால் வெட்டுகிறோம்; விடுமுறையில் மகனும் பால் வடியும் சிரட்டைகளைத் துடைக்க உடன் வருவான். இவற்றுக்குள் தொடர்பு உண்டா?

பதில் 1 (ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், தக்கலை):
மிட்டாய் மீது பழி வேண்டாம். மகனுக்கு வந்தது உருண்டைப்புழு, பெண்புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,00,000 முட்டைகள் இடும், அவை மலத்தோடு வெளியேறி ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், மண் பட்ட கையோடு வாய்க்குள் போகும். பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை வயிற்றில் உள்ள புழுவை வெளியேற்றுமே தவிர, மண்ணில் உள்ள முட்டையை ஒன்றும் செய்யாது. ஆகஸ்டில் மறுபடி கொடுப்பது அதனால்தான்.

உங்கள் இரத்தச்சோகைக்குக் கொக்கிப்புழு காரணமாக இருக்கலாம். அது வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். இரு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில், மரநிழலில் ஈரம் காயாத தோட்ட மண் அதற்கு வாய்ப்பான இடம். நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்தபோதே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொக்கிப்புழு ஒழிப்புக்காக அங்கு வந்தது என்பதைச் சொன்னால் இன்று பலர் நம்புவதில்லை. முகாம்களில் மாத்திரை 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும்தான். நாற்பது வயதில் பால் வெட்டுகிறவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே நீங்களும் கணவரும் மலப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

பதில் 2 (குளச்சல்):
எங்கள் கடற்கரையில் வீட்டுச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. கழிவுத்தொட்டிக்கு இடமில்லை, இருக்கிற தொட்டியும் அடி பூசாமல் மணலில் ஊறுகிறது. நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில், இருக்கும் ஒரு குடத்தைக் கொண்டு சமைப்பதா, கை கழுவுவதா? சுத்தமில்லாத சனம் என்று எங்களைப் பேசுவோர் இதைக் கேட்பதே இல்லை.

கேட்டவர் (குலசேகரம்):
இருவருக்கும் நன்றி. விடியுமுன் தோட்டத்தில் நுழையும் எங்களுக்கு அங்கே கழிப்பறை கிடையாது, ஓடைக்கரைப் புதர்தான். சரிவில் வழுக்கும் என்று செருப்பையும் கொட்டகையில் கழற்றிவைத்துவிடுவோம். சிரட்டை துடைத்த கையாலேயே மகன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதை நான் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இனிப் பொட்டலத்தோடு தண்ணீரும் சோப்பும் எடுத்துப்போவேன். கழிப்பறை வேண்டும் என்று முதலாளியிடம் யார் போய்ச் சொல்வது என்பதில்தான் இன்று காலை எங்கள் பேச்சு நின்றுவிட்டது.