ஹார்விபட்டியின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

பரங்குன்றத்தார்:
மதுரை ஆலைத் தொழிலாளர்களுக்கான குடியிருப்பாகத் திருப்பரங்குன்றம் அருகே உருவான ஹார்விபட்டியைப் பற்றி எங்கள் பகுதி இளைஞர்கள் சிறு மலர் ஒன்று கொண்டுவர விரும்பி, முதல் கட்டுரையை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆண்ட்ரூ, ஃபிராங்க் என்னும் ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்திலிருந்து வந்து பருத்தித் தொழிலில் இறங்கியதிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. தாமிரபரணி நீரின் விசை கிடைத்த பாபநாசத்தில் ஓர் ஆலை, துறைமுகம் இருந்த தூத்துக்குடியில் ஓர் ஆலை, மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி 1889இல் மதுரா மில்ஸ் என அவர்கள் இடம் பார்த்ததில் தெளிவான கணக்கு இருந்தது. 1875-76இல் திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்திராவிட்டால், கரிசல் காட்டுப் பஞ்சு இந்த அளவுக்கு மதுரைக்கு வந்து நூலாகியிராது. ஆலை இல்லையென்றால் அதன் தொழிலாளர்களுக்கென்று ஒரு குடியிருப்பும் இல்லை. ஊரின் பெயரே அதைச் சொல்கிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதலாம்.

மில் வீட்டுப் பேத்தி:
ஐயா, நீங்கள் தந்த ஆண்டுகளில் எனக்கு மறுப்பில்லை; தொடக்கப் புள்ளியில்தான் மறுப்பு. நீங்கள் எழுதியது ஆலையின் வரலாறு. ஊரின் வரலாறு, அந்த வீடுகளில் முதன்முதலாக அடுப்பு மூட்டியவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

என் தாத்தா உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பிய காட்டை விட்டு வந்தவர். முதலில் அவர் பதிலி. அதாவது, நிரந்தர ஆள் வராத நாளில் மட்டும் வேலை. வேலை கிடைக்காத நாளில் வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவார். நிரந்தரமாகி, வீடு கிடைத்து, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் போக மிஞ்சியதில் குடும்பம் நடத்தி, கடைசியில் அந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டதை அவர் தம் வாழ்நாளின் பெரிய காரியமாகச் சொல்வார். விடியுமுன் எழுந்து, திருப்பரங்குன்றம் நிலையத்தில் ரயிலேறி, அடுத்த நிலையமான மதுரையில் இறங்கினால் ஆலை. எங்கள் தெருவில் எல்லோரும் உரக்கப் பேசுவார்கள். நூல் நூற்கும் கதிர்கள் ஓடும் இரைச்சலில் எட்டு மணி நேரம் கத்திப் பேசிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் தணியாது. இதையெல்லாம் எந்த நிறுவனப் பதிவேட்டில் தேடுவது?

பரங்குன்றத்தார்:
உங்கள் தாத்தாவின் நினைவை மதிக்கிறேன், அம்மா. ஆனால் நினைவை மட்டும் நம்பி எழுதும் வரலாற்றில் ஆண்டு தங்காது. பத்து வீட்டில் கேட்டால் பத்துக் கதை வரும். வீட்டை யார் கட்டினார்கள், தவணை எத்தனை ஆண்டு என்பனவற்றுக்குக் கணக்குப் புத்தகம்தான் சாட்சி. முதலாளி என்பதற்காக அவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளினால் அதுவும் நேர்மையாகாது. தொழிலாளிக்கு வீடு என்ற எண்ணமே அரிதாக இருந்த காலம் அது.

ரீலிங்காரர் மகன்:
பெரியவர் எழுதியதில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்த எண்ணம் நிர்வாகத்துக்குத் தானாகவே தோன்றியது போல எழுதியிருக்கிறார். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. அதுவும் ஹார்வி நிறுவனத்தின் ஆலையே. வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றதால், கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. 1918இல் மதுரையிலேயே ஆலைத் தொழிலாளர்களை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் சங்கமாகத் திரட்டினார். அதே ஆண்டில் மதுரையில் பேசியதற்காக விடுதலைப் போராட்டத் தலைவர் வரதராஜுலு நாயுடு கைதானபோது, அவருக்காக வழக்காடியவர் இராஜாஜி. இவ்வளவு கொந்தளிப்புக்குப் பிறகு, தொழிலாளி ஓரிடத்தில் குடும்பத்தோடு நிலைத்திருப்பது நிர்வாகத்துக்கும் தேவையாயிற்று என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். கருணை இருந்திருக்கலாம், அதோடு தேவையும் இருந்தது.

வேலை நேரத்தையும் பாருங்கள். 1911ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நூற்பாலை ஆண்களுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 1922இல் அது பதினொன்றாகவும், 1934இல் பத்தாகவும், 1946இல் ஒன்பதாகவும் குறைந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்தவனுக்கு ஊர் என்பது படுக்கும் இடம் மட்டுமே. வாசலில் செடி வைக்கவும், திருப்பரங்குன்றம் தேரோட்டத்துக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கிப் போகவும், படிப்பகத்தில் செய்தித்தாள் வாசிக்கவும் நேரம் கிடைத்த பிறகுதான் குடியிருப்பு ஊராகியிருக்கும். ஆகவே அந்த நேரத்தை வாங்கித் தந்தவர்களுக்கு மலரில் முதல் பக்கத்திலேயே இடம் வேண்டும்.

பரங்குன்றத்தார்:
1908, 1918 நிகழ்ச்சிகளைச் சேர்க்கிறேன். அவற்றை விட்டது என் குறை. சட்டங்களையும் ஆண்டு வாரியாகத் தருகிறேன். ஆனால் ஹார்வி சகோதரர்களை முதல் பத்தியிலிருந்து எடுக்க எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வந்தவர்களை ஒரே தெருவில் சேர்த்து வைத்தது அந்த ஆலைதானே?

மில் வீட்டுப் பேத்தி:
சேர்த்து வைத்தது ஆலை. சேர்ந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். எங்கள் பாட்டிக்குப் பக்கத்து வீட்டு அத்தை வேறு சாதி, வேறு ஊர். குழாயடியில் முதல் ஆண்டு சண்டை, இரண்டாம் ஆண்டு பேச்சு, மூன்றாம் ஆண்டிலிருந்து ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொண்டார்கள். பதிலி வேலையும் இல்லாத வாரத்தில் அரிசி கடன் கொடுத்தவர் அந்த அத்தை. இதற்குக் கணக்குப் புத்தகம் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த அத்தைக்கு இப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. நினைவு தெளிவாக இருக்கிறது.

ஆண்டு தங்காது என்று சொன்னீர்கள். அதற்கு வழி உண்டு. வீட்டுக்கு வீடு பட்டா இருக்கும், தவணை கட்டிய ரசீது தகரப் பெட்டிகளில் இருக்கும், பழைய போனஸ் சீட்டும் சிலரிடம் இருக்கும். பேரூராட்சியாக இருந்த ஹார்விபட்டி 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பல வீடுகள் கைமாறி, இடித்துக் கட்டப்பட்டும் விட்டன; பெட்டிகள் காயலான் கடைக்குப் போகுமுன் நாம் போக வேண்டும்.

ரீலிங்காரர் மகன்:
ரசீதுகளைப் படம் எடுக்க நான் வருகிறேன். ஐயா, நீங்களும் வந்தால் ஆண்டுகளை அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

பரங்குன்றத்தார்:
வருகிறேன். முதல் பத்தியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்த அம்மையார் பேசுவதைக் கேட்ட பிறகு எழுதுகிறேன். ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், அவர் வீட்டிலிருந்தே தொடங்குவோம்.