உதவி: தேய்ந்த செரிஃப் எழுத்துரு தலைப்பில் போலியாகத் தெரிகிறது, அவசரம்

வெண்தாள்:
நாளை காலைக்குள் புத்தக அட்டையை அனுப்ப வேண்டும். பழைய அச்சு மாதிரி தேய்ந்த செரிஃப் எழுத்துரு (கோடுகளின் முனையில் சின்னப் பாதம் உள்ள வகை) போட்டிருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் அருமை, தலைப்பில் வைத்ததும் போலியாகத் தெரிகிறது. என்ன செய்வது?

மைக்கூடு:
எந்த எழுத்துரு? எந்த மென்பொருள்? தலைப்பு என்ன, எவ்வளவு பெரியது? ஒரு படமாவது போடுங்கள்.

தாள்மடிப்பு:
எழுத்துருக் கோப்பு பழுதாகியிருக்கும். எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

ஈயவார்ப்பு:
இதை இங்கே பலமுறை விளக்கியாகிவிட்டது, தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமையில்லை. காஸ்லான் என்ற பழைய செரிஃப் எழுத்துருவைச் சுத்தமாக எடுத்து, மேலே சொரசொரப்பான டெக்ஸ்சர் படத்தை மாஸ்க்காக, அதாவது எழுத்தை அங்கங்கே மறைக்கும் படலமாகப் போடுங்கள். கீறலோடு வரும் எழுத்துருக்கள் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு.

மைக்கூடு:
போலி என்று எதைச் சொல்கிறார் என்றே இன்னும் தெரியவில்லையே. அதற்குள் என்ன தீர்ப்பு?

வெண்தாள்:
மன்னிக்கவும். தலைப்பு ஆங்கிலத்தில் 'மூன்' (MOON). எல்லாம் கேப்பிடல், 90 பாயின்ட். இரண்டு 'ஓ'வுக்கும் இடது பக்கம் கீழே ஒரே பிறை வடிவக் கீறல். பின்னட்டைப் பத்தியும் இதே எழுத்துரு, 9 பாயின்ட்.

தேய்ந்தமுனை:
சரி, இப்போது புரிகிறது. ஈய அச்சில் ஒவ்வொரு 'ஓ'வும் தனி உலோகத் துண்டு. ஒன்று அடியில் உடைந்திருக்கும், பக்கத்தில் இருப்பது மேல் வளைவில் தேய்ந்திருக்கும். உங்களுடையதில் ஒரே படம் இரண்டு முறை வருகிறது, அதைக் கண் உடனே பிடித்துவிடும்.

முதலில் மென்பொருளின் ஓபன்டைப் பேனலில் (எழுத்துருவின் கூடுதல் வசதிகள் இருக்கும் இடம்) கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸைப் போட்டுப் பாருங்கள், பக்கத்து எழுத்தைப் பார்த்து மாற்று வடிவம் போடும் வசதி அது. மாறவில்லை என்றால் ஒரு 'ஓ'வை ஸ்மால் லெட்டரில் தட்டுங்கள். கேப்பிடல் மட்டுமே உள்ள இத்தகைய எழுத்துருக்கள் பலவற்றில், ஸ்மால் லெட்டர் இடத்தில் அதே கேப்பிடல் வேறு கீறலோடு இருக்கும். அதுவும் இல்லையா? எழுத்தை அவுட்லைனாக்கி (வெறும் வடிவமாக மாற்றி), ஒரு 'ஓ'வை 180 பாகை திருப்புங்கள். தடிப்பின் சாய்வு அப்படியே நிற்கும், கீறல் மட்டும் மேல் வலப்பக்கம் போய்விடும்.

அப்புறம், 9 பாயின்ட் பத்தியில் இது வேண்டவே வேண்டாம். அந்த அளவில் கீறல் அழுக்காகத்தான் தெரியும். சுத்தமான செரிஃப் போடுங்கள்.

பழையபிரதி:
தேய்ந்த தோற்றமுள்ள காஸ்லான் ஆன்டிக் எழுத்துருவைப் போடலாமே? வில்லியம் காஸ்லான் 18ஆம் நூற்றாண்டில் செதுக்கியது, உண்மையான பழமை.

ஈயவார்ப்பு:
தவறு. காஸ்லான் ஆன்டிக் 1890களில் சிகாகோவில் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் அச்செழுத்து வார்ப்பகத்துக்காக பெர்ன் நடால் வரைந்தது. முதலில் அதன் பெயர் 'ஃபிஃப்டீன்த் செஞ்சுரி'. காஸ்லான் என்ற பெயர் பின்னால் ஒட்டியது.

பழையபிரதி:
1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை அச்சகர் ஜான் டன்லப் காஸ்லானில்தான் அச்சிட்டார்.

ஈயவார்ப்பு:
அது காஸ்லான். ஆன்டிக் வேறு. பெயர் ஒன்றாக இருந்தால் எழுத்தும் ஒன்றாகிவிடுமா?

தேய்ந்தமுனை:
ஆன்டிக் பற்றி ஈயவார்ப்பு சொல்வது சரி. ஆனால் கீறலோடு வரும் எழுத்துருவை மட்டம் தட்ட வேண்டியதில்லை. விளிம்பு நெளிந்து, செரிஃப் முனை மழுங்கி வருவதை மேலே போட்ட டெக்ஸ்சர் தராது, அது உள்ளே புள்ளிதான் வைக்கும்.

ஈயவார்ப்பு:
நல்ல மாஸ்க் விளிம்பையும் கடிக்கும்.

வெண்தாள்:
ஸ்மால் லெட்டர் வேலை செய்தது! இரண்டாவது 'ஓ'வின் தலையில் சின்னப் பொத்தல், கீறல் இல்லை. பத்தியையும் மாற்றிவிட்டேன். நன்றி, அனுப்பப் போகிறேன்.

மைக்கூடு:
மகிழ்ச்சி. எழுத்துருவின் பெயரையும் சொல்லிவிட்டுப் போங்கள், அடுத்து தேடி வருகிறவருக்கு உதவும்.