பெண்கள் கூடிப் பாடி எதிர்த்து நின்றதைப் பார்த்திருக்கிறீர்களா? குமரிக்காரர்கள் சொல்லுங்கள்

தோவாளைப்பூ:
கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைத்திருந்தார்கள், இசக்கி அம்மன் கதை. நகைக்காக அவளைக் கள்ளிக்காட்டில் கொல்லும் இடம் உங்களுக்கே தெரியும், கள்ளிச்செடிதான் சாட்சி என்பாளே. புலவர் ஒரு பெண், அறுபது வயதிருக்கும். குடம், உடுக்கை, தாளம் எல்லாம் ஆண்கள். "இதுக்குச் சாட்சி யாரு?" என்று கேட்டவர், சட்டென்று வில்லில் அடிக்கிற வீசுகோலைத் தூக்கிவிட்டார். குடமும் நின்றது. பின்பாட்டுக்காரர்கள் முழித்தார்கள். பந்தலில் இருந்த பெண்கள்தான் "கள்ளி!" என்று கத்தினார்கள். அடுத்த வரிக்கு "ஆமா" போட்டதும் அவர்களே. அப்புறம் ஒரே குரவை, குலவைச் சத்தம். மாமனார் எதிரில் இன்றைக்கும் உட்காராத எங்கள் பெரியம்மை சத்தம்தான் அதில் பெரிது. மறுநாள் வீட்டில் ஒருத்தரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வேணாட்டான்:
கதை நல்லாருக்கு. ஆனால் சாமி கதைக்குக் குரவை போடுவது பக்தி. அதைப் போராட்டம் ஆக்காதீர்கள். வில்லு எப்போதுமே ஆண்கள் கலை.

கொட்டாரத்துப் பேத்தி:
வேணாட்டான் அண்ணே, பூங்கனி அம்மா பேரைக் கேட்டதே இல்லையா? சின்ன வயதிலேயே வில்லுக்கு வந்தவர், 2018-ல் காலமானார். அவர் பாடியதெல்லாம் யார் கலை? பக்தி என்கிறீர்கள், சரி. கொல்லப்பட்ட பெண் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிற கதையை விடிய விடியப் பாடவிட்டு, அவளுக்குப் பொங்கலும் வைக்கிறோமே, அதில் பயம் எவ்வளவு, பக்தி எவ்வளவு? முப்பந்தல் இசக்கி கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தூத்தூர் கரை:
எங்கள் கடற்கரையில் வில்லு இல்லை, ஒப்பாரி உண்டு. ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30. அடுத்த வாரம் குழித்துறை ஸ்டேஷனில் ரயிலை மறித்தோமே, அன்றைக்கு. ஓர் அக்கா, புருஷன் கரைசேரவில்லை, தண்டவாளத்தில் உட்கார்ந்து மாரடித்து அழ ஆரம்பித்தார். முதலில் அவர் ஆளைப் பற்றித்தான். போகப் போக, "கடலுக்குப் போன எம்மவர எந்தக் கணக்குல எழுதுன?" என்று ராகத்தோடு கேட்டார். சுற்றி இருந்த பெண்கள் அந்த "எழுதுன"வைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஒரு பெயர் சொல்வார், எல்லாரும் "எழுதுன?" என்பார்கள். வேறு வேறு ஊர்ப் பெயர்கள், வேறு வேறு படகுகள். சமாதானம் பேச வந்த அதிகாரி கையில் மைக் இருந்தது, பேச இடைவெளி கிடைக்கவில்லை.

வேணாட்டான்:
அது துக்கம். அதையும் கலை என்பீர்களா?

தூத்தூர் கரை:
ராகம் தப்பாமல் ஒரு கூட்டத்தையே கூட இழுத்துப் பாடினார். பேர் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

குளச்சல்வாசி:
மண்டைக்காட்டில் ஒருமுறை பெண்கள் கும்மியடித்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் போனில் பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று. குடத்துக்கு நேரே உட்காராதீர்கள், பாட்டே கேட்காது. புலவர் பக்கம் நகர்ந்து, ஸ்பீக்கர் பெட்டிக்குத் தள்ளி வையுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் எதன் மேலாவது வையுங்கள். கதை, ஊர், கோயில், தேதி எல்லாவற்றையும் கடைசியில் நீங்களே பேசிப் பதிந்துவிடுங்கள், பிறகு மறந்துபோகும். பாடியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே போடுங்கள். ஒப்பாரி என்றால் வீட்டாரிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். பவர் பேங்க்கும் கொண்டுபோங்கள், வில்லு விடியும்வரை போகும்.

தூத்தூர் கரை:
அண்ணா, தண்டவாளத்தில் யார் பவர் பேங்க்கோடு போனது! எனக்கு அந்த ஒரு வரிதான் நினைவிருக்கிறது. சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் அன்றைக்கு நிறையப் பேர் வந்திருந்தீர்கள். மீதி வரிகள் தெரிந்தால் இங்கே போடுங்கள்.