மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கும் தகப்பன் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து விடலாமா?

தங்கச்சிமடம் தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் முதல் குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆகிறது. நிறைமாதத்தில் பிறந்தவள்தான் என்றாலும் பிறந்த எடை 2.3 கிலோ, தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறேன். ஊரில் பல வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பாட்டி ஒருவர் காலையில் வந்து, கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையை அவற்றின் மேல் கிடத்தித் தேங்காய் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுகிறார். கை கால்களை நீவும்போது சுகமாகக் கிடப்பவள், மூக்கைப் பிடித்து இழுத்து, மண்டையை அமுக்கி, காதில் எண்ணெய் விடும்போது வீரிட்டு அழுகிறாள். அழுதால்தான் பிள்ளை தேறும் என்கிறார் அத்தை. என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால் இப்போது வீட்டில் இருக்கிறார். தாமே தேய்த்து விடுவதாக அவர் சொன்னதற்கு, ஆண்பிள்ளைக்கு இது என்ன வேலை என்று வீட்டில் சிரிக்கிறார்கள். எண்ணெய் தேய்ப்பதால் குழந்தைக்கு உண்மையிலேயே நன்மை உண்டா, அதை அவர் செய்யலாமா என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தொண்டி, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்:

நன்மை உண்டு, அம்மா. ஆனால் அந்த நன்மை இதமாக நீவுவதில் இருக்கிறதே தவிர, இழுப்பதிலும் அமுக்குவதிலும் இல்லை. 1986இல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு என்பவரும் அவருடைய குழுவினரும், மருத்துவமனையில் இருந்த குறைமாதக் குழந்தைகளுக்கு நாளுக்கு மூன்று முறை, முறைக்கு 15 நிமிடம் என 10 நாள்கள் உடலை நீவி, கை கால்களை மடக்கி நீட்டி விட்டனர். மற்றக் குழந்தைகள் குடித்த அளவே பால் குடித்தும், இக்குழந்தைகளின் எடை 47 விழுக்காடு கூடுதலாக ஏறியது. ஏறத்தாழ 6 நாள்கள் முன்னதாகவே வீட்டுக்கும் போனார்கள். மிதமான அழுத்தம் படும்போது மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு, இரைப்பையின் இயக்கம் சீராகிறது என்பது அதற்குப் பின்னாளில் அவர்கள் தந்த விளக்கம். நிறைமாதக் குழந்தைகளுக்கு எடை கூடும் என்று அதே உறுதியுடன் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. ஆகவே எடைக்குத் தாய்ப்பாலையே நம்புங்கள். மாதந்தோறும் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்த்து வாருங்கள். நீவி விடுவதால் குழந்தை அமைதியடைவதும் நன்றாக உறங்குவதும் கூடுதல் வரவு.

தேங்காய் எண்ணெய் போதும். இந்தச் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் எண்ணெயை வழிய வழியப் பூசி அப்படியே விட்டால் வேர்க்குரு வரும் என்பதால், கை வழுக்கும் அளவுக்கு எடுத்துத் தேய்த்து, பிறகு குளிப்பாட்டி விடுங்கள். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதை இன்றே நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். உச்சிக்குழியை அமுக்கக் கூடாது. இழுப்பதால் மூக்கு எடுப்பாவதும் இல்லை. குழந்தையின் மார்புக் காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பதும், குளித்த பின் சாம்பிராணிப் புகை காட்டுவதும் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. முன்னதால் சீழ் பிடிக்கும், பின்னதால் மூச்சுத் திணறும்.

பாம்பன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்:

சகோதரி, தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். கடலில் இருக்கும் நாள்களில் பிள்ளை நம்மைக் காண்பதே அரிது என்னும்போது, தடைக்காலத்தில் கிடைக்கும் அந்த நேரத்தை விடக் கூடாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கயிறும் வலையும் இழுத்த கை மரப்பட்டை போல் இருக்கும். அதில் வெடித்து நிற்கும் தோல் பிள்ளையின் மேனியைக் கீறிவிடும். நான் முந்தைய இரவே உள்ளங்கையில் எண்ணெய் பூசி ஊற விட்டு, காலையில் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டிய பிறகுதான் தொடுவேன். பிறகு இரு உள்ளங்கைகளையும் உரசிச் சூடேற்றி, தொடையிலிருந்து பாதம் வரை உருவி விடுவேன்; வயிற்றில் தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் திசையில் நீவுவேன். பால் குடித்த கையோடு செய்தால் கக்கிவிடும் என்பதால் முக்கால் மணி நேரமாவது விட்டுத்தான் தொடங்குவேன். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, விரல்களை விறைப்பாக விரித்தாலோ, முதுகை வளைத்தாலோ அன்றைக்குப் போதும் என்று பொருள். அதற்கு மேலும் தேய்ப்பது நம் ஆசைக்காகத்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நான்கு நாளில் பழகிவிடும்.

கீழக்கரை லாத்தா:

தங்கச்சி, எல்லோரும் குழந்தையைப் பற்றியே பேசுகிறார்கள். உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணவர்மார் வளைகுடா நாடுகளில் இருக்க, பிள்ளை பெற்ற பெண்கள் பெரியவர்களின் பொறுப்பில் இருப்பது எங்கள் ஊரில் வழக்கம். தூக்குவது, குளிப்பாட்டுவது, உறங்க வைப்பது எல்லாம் பிறர் கையிலேயே நடக்கும்போது, பால் கொடுப்பதைத் தவிரத் தனக்கும் பிள்ளைக்கும் தொடர்பே இல்லாதது போன்ற ஒரு வெறுமை சில தாய்மாருக்கு வருகிறது. 2001இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், பேறுகாலத்துக்குப் பின் மனச்சோர்வுற்ற தாய்மார் தம் குழந்தைகளுக்கு நீவி விடும் வகுப்புக்குச் சென்றுவந்த பின், அவர்களுடைய சோர்வு குறைந்ததோடு குழந்தையோடு பழகும் விதமும் மேம்பட்டது. அது சிறிய ஆய்வுதான். மருத்துவருக்கு மாற்றும் அன்று. இருந்தாலும், மாலையில் ஒரு வேளையாவது நீங்களே தேய்த்து விடுங்கள் என்று சொல்ல எனக்கு அது போதும். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

அந்தப் பாட்டியை நிறுத்திவிட வேண்டாம். பிள்ளையை நழுவ விடாமல் காலில் கிடத்திக் குளிப்பாட்டும் பக்குவம் அவ்வளவு எளிதில் நமக்கு வராது. மூக்கையும் காதையும் விட்டுவிடும்படி மருத்துவர் சொன்னதாகச் சொன்னால், அவருக்கும் மனத்தாங்கல் இராது.

தங்கச்சிமடம் தாய்:

மூவருக்கும் மிக்க நன்றி. காலையில் பாட்டியும் மாலையில் நாங்கள் இருவருமாகச் செய்வது என்று பேசி முடித்திருக்கிறோம். அத்தையும் அரைமனதாக ஒத்துக்கொண்டார். இன்னும் ஒரு ஐயம்: ஆறாவது வாரத் தடுப்பூசியை வரும் புதன்கிழமை போடுகிறார்கள். அன்றைக்கும் தேய்க்கலாமா?

தொண்டி, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்:

அன்றைக்கு வேண்டாம், அம்மா. ஊசி போட்ட தொடையை அமுக்கவோ தேய்க்கவோ கூடாது. அந்த இடத்தில் எண்ணெயும் பூசாதீர்கள். காய்ச்சல் வந்தால் செவிலியர் சொன்ன அளவில் மருந்து கொடுத்து, அடிக்கடி பால் கொடுங்கள். காய்ச்சலும் வீக்கமும் தணிந்த பிறகு, ஊசி போட்ட இடத்தை விலக்கி மற்ற இடங்களில் தொடங்கலாம்.