வேலிச்செடி மேலே குடை, கீழே குச்சி: பிடுங்கிவிடலாமா?

பி பிளாக் செயலாளர்:
எங்கள் குடியிருப்பில் நடைபாதை ஓரமாக மஞ்சள் துரந்தா வேலி. உயரம் 4 அடி. மேலே பார்த்தால் பாய் விரித்த மாதிரி சமமாக, அழகாக இருக்கிறது. குனிந்து பார்த்தால் முழங்கால் உயரம் வரைக்கும் ஓர் இலை கிடையாது. வெறும் குச்சி. பந்து போனால் அந்தப் பக்கம் போய் நிற்கிறது, நாய்க்குட்டி குனியாமலே நுழைகிறது. தோட்டக்காரர் 15 நாளுக்கு ஒரு முறை தவறாமல் மெஷினில் வெட்டுகிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. நுழைவாயில் இட்லிப்பூச் செடிகளும் அதே நாளில் அதே மெஷினில்தான். அதில் பூ பார்த்து மாதக்கணக்காகிறது, போதாததற்கு இலை வேறு மஞ்சளடிக்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதுசாக வைக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு. என்ன சொல்கிறீர்கள்?

பால்கனி தோட்டம்:
பேசாமல் குரோட்டன்ஸ் வைங்க சார். தொல்லையே இல்லை.

மண்வெட்டி:
எதை வைத்தாலும் இதே வெட்டு வெட்டினால் இதே கதிதான். சார், உங்கள் வேலியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேலே அகலம், கீழே ஒடுக்கம், சரிதானே? தலைப்பகுதி வெயிலையெல்லாம் வாங்கிக்கொண்டு அடிப்பகுதியை நிழலில் போட்டுவிடுகிறது. வெளிச்சம் படாத கிளையில் இலை தங்காது. தலைகீழாக மாற்றணும்: அடி 3 அடி அகலம் என்றால் தலை 2 அடி. இரண்டு பக்கமும் லேசாக உள்நோக்கிச் சாய வேண்டும். மேல்மட்டம் சமமாக வரக் கயிறு கட்டி வெட்டுகிறவர்கள் பக்கத்துக்குக் கட்டுவதில்லை, அதுதான் வினை.

பிடுங்குவதற்கு முன்னால் ஒரு காரியம். அடிக்குச்சியை நகத்தால் சுரண்டுங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. துரந்தா ஆழமான கவாத்தை, அதாவது கிளையை உள்ளே வரைக்கும் வெட்டுவதைத் தாங்கும். ஆனால் ஒரேயடியாக மொட்டையடிக்காதீர்கள். முதலில் ஒரு பக்கம் மட்டும் உள்ளே வரைக்கும் வெட்டுங்கள், அது நன்றாகத் துளிர்த்த பிறகு மறுபக்கம். உச்சி வெயில் காலத்தில் வேண்டாம், நிழலிலேயே இருந்த தண்டு வெந்துவிடும். தடித்த கிளைக்கு மெஷின் ஆகாது, கைக்கத்தரிதான். வெட்டிய கையோடு தொழுஉரம், தண்ணீர். மண்ணை மூட இலைதழை மூடாக்கு போட்டால் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், அழுகும்.

இட்லிப்பூ வேறு சமாச்சாரம். அது கிளை நுனியில் பூக்கிற செடி. 15 நாளுக்கு ஒரு தடவை நுனியை எடுத்தால் மொட்டைத்தான் எடுக்கிறீர்கள்! ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் வெட்டுங்கள், அப்புறம் கை வைக்காதீர்கள். மஞ்சள் எந்த இலையில்? இளசிலா, பழசிலா?

பி பிளாக் செயலாளர்:
இளசில். நரம்பு மட்டும் பச்சை.

மண்வெட்டி:
அப்படியானால் இரும்புச்சத்து ஏறவில்லை. இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பு மண் வேண்டும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. ஒரு சாண் தோண்டிப் பாருங்கள்.

தரைத்தள வாசி:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நானும் அதே பிளாக்தான். வேலியை ஒட்ட வெட்டினால் என் படுக்கையறை ஜன்னல் நடைபாதைக்கு நேராகத் திறந்த மாதிரி. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுங்கள்.

பி பிளாக் செயலாளர்:
உங்கள் ஜன்னல் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்கிறோம், முதலில் நடைபாதைப் பக்கம்.

இன்று காலை தோண்டினேன். அரை அடி செம்மண், அதற்குக் கீழே உடைந்த செங்கல், கைப்பிடி கைப்பிடியாகக் காய்ந்த சிமெண்ட் கலவை. சுண்ணாம்பு அதிலிருந்துதான். கட்டிடம் கட்டியவர்கள் கொட்டி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை அள்ளிப்போட்டு மண்ணும் மக்கிய உரமும் நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.

துரந்தாவில் 12 குச்சி சுரண்டினேன். 10 பச்சை. பிடுங்கும் தீர்மானத்தை வாபஸ் வாங்கியாகிவிட்டது. தோட்டக்காரரிடம் சாய்வுக் கணக்கைச் சொன்னதும், "இதை நான் வந்த புதுசிலேயே சொன்னேன் சார், நேராக இருந்தால்தான் அழகு என்று உங்கள் சங்கத்தில்தான் சொன்னார்கள்" என்றார். சொன்னது நான்தான்.