வீட்டு கேற், வயலில் லாண்ட்மாஸ்டர் பெட்டி: எந்த வெல்டிங் பிளான்ட், எத்தனை கே.வி.ஏ ஜெனரேற்றர்?

உப்புவெளி_கேற்:

வணக்கம். இரண்டு வேலை இருக்கு. ஒன்று உப்புவெளியில் வீட்டு கேற்: 12 அடி அகலம், 5 அடி உயரம், இரட்டைக் கதவு. சட்டம் 2 அங்குல பொக்ஸ் பார், 1.5 மி.மீ தடிப்பு. உள்ளுக்கு 1 அங்குலம், 1.2 மி.மீ. மற்றது தம்பலகாமத்தில் வயலில்: லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியின் இழுவைச் சனல் (பள்ள வடிவ இரும்பு, 6 மி.மீ) வெடித்திருக்கு, வேலிக்கு ஜி.ஐ (நாகம் பூசின இரும்பு) பைப் தூண்களும் ஒட்ட வேணும். வயலில் கரண்ட் இல்லை.

வீட்டில் 30 அம்ப் சிங்கிள் பேஸ். கையில் ஒரு பெற்றோல் ஜெனரேற்றர் இருக்கு, 2.8 கிலோவொற் என்று எழுதியிருக்கு. கடையில் "250 அம்ப்" இன்வேற்றர் வகை வெல்டிங் பிளான்ட் (ஒட்டும் மெசின்) ஒன்று காட்டினார்கள், சின்னப் பெட்டி. அது இந்த ஜெனரேற்றரில் ஓடுமா? லிதியம் பற்றரி உள்ள பவர் ஸ்டேஷனில் ஒட்டலாம் என்றும் ஒருவர் சொல்கிறார், அது சரிவருமா? ரொட் எது வாங்க?

கிண்ணியா_ஆர்க்:

தம்பி, பெட்டியில் அடித்த நம்பரைப் பார்த்து வாங்காதீங்க. முதல்ல ரொட், பிறகு அம்ப், பிறகு பிளான்ட், கடைசியா ஜெனரேற்றர். இந்த வரிசையில் போனால் காசு மிஞ்சும்.

உங்களுக்குத் தேவை மூன்று ரொட்தான். 1.2 மி.மீ பொக்ஸ் பாருக்கு 2.0 மி.மீ 6013 (சாதாரண வேலைக்கான ரொட் வகை), 40 முதல் 55 அம்ப். 1.5 மி.மீ சட்டத்துக்கும் ஜி.ஐ தூணுக்கும் 2.5 மி.மீ 6013, 60 முதல் 80. சனலுக்கு 3.2 மி.மீ, 100 முதல் 120. அதுக்கு மேல உங்களுக்கு ஒண்டும் தேவையில்லை. உண்மையா 140 அம்ப் தரக்கூடிய பிளான்ட் தாராளம்.

இப்ப கணக்கு. ஸ்ரிக் வெல்டிங்கில் (ரொட்டால் ஒட்டுகிறதில்) ஆர்க், அதாவது ரொட் முனையில் எரிகிற மின்பொறி, அதின் வோல்ற்றேஜ் 20 கூட்டல் அம்பின் 0.04 மடங்கு என்றுதான் ஐ.ஈ.சி என்ற சர்வதேச மின் தரத்தில் எடுக்கிறது. 80 அம்புக்கு 23.2 வோல்ற். பெருக்கினால் 1,856 வொற். இன்வேற்றரின் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் உள்ளே போகிறது 2,180 வொற் அளவில். விலை குறைந்த இன்வேற்றரில் பவர் பெக்டர் (இழுக்கிற மின்னில் உண்மையா வேலைக்குப் போகிற பங்கு) 0.7 மட்டில்தான் நிற்கும், அதால் வகுத்தால் 3.1 கே.வி.ஏ, ஜெனரேற்றர் தர வேண்டியது இதுதான். லைனில் 13.6 அம்ப். இதே கணக்கில் 110 அம்புக்கு 4.5 கே.வி.ஏ, லைனில் 19.6 அம்ப். 60 அம்புக்கு 2.3 கே.வி.ஏ.

உங்கட ஜெனரேற்றரில் 2.8 என்றது உச்சமா இருக்கும். தொடர்ந்து தரக்கூடியது பிளேற்றில் தனியா எழுதியிருக்கும், அநேகமா 2.5. அப்படியென்றால் 2.0 ரொட் நல்லா ஓடும், 2.5 ரொட்டை 60 அம்பில் ஒருமாதிரி ஓட்டலாம். 3.2 ஓடாது. சனல் வேலைக்குத் தொடர்ந்து 5 கே.வி.ஏ தரக்கூடியது, ஏ.வி.ஆர் (வோல்ற்றேஜைத் தானாக நிலையா வைக்கிற பகுதி) உள்ளது வேணும். ஒரு சனலுக்காக விலைக்கு வாங்க வேண்டியதில்லை, ஒரு நாள் வாடகைக்கு எடுங்க.

கடையில் பிளான்டைத் திருப்பிப் பின்பக்கப் பிளேற்றைப் பாருங்க. எக்ஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சதவீதம் இருக்கும். 200 அம்ப் 20% என்றால் பத்து நிமிசத்தில் இரண்டு நிமிசம்தான் அந்த அம்ப். அதுவும் 40 பாகை வெப்பத்தில் சோதித்திருந்தால். சில பெட்டியில் 25 பாகையில் சோதித்துப்போட்டு எழுதியிருப்பாங்க. நம்மட வெயிலுக்கு அது செல்லாது. அடுத்தது ஐ1 மெக்ஸ், பிளான்ட் லைனில் இழுக்கிற உச்ச அம்ப். ஐ1 எஃப் என்றது ஓய்வு நேரத்தையும் சேர்த்து, வயர் சூடாகிற கணக்குக்கு எடுக்கிற அம்ப், வயரும் பிளக்கும் அதுக்கு ஏற்ற மாதிரி இருக்க வேணும். உண்மையா 200 அம்ப் தருகிற சாதாரண சிங்கிள் பேஸ் பிளான்டில் ஐ1 மெக்ஸ் 40க்குக் கிட்ட வரும். "250 அம்ப்" என்று முகப்பில் எழுதி, பின்னால ஐ1 மெக்ஸ் 25 என்று போட்டிருந்தால் முகப்பு பொய். பின்பக்கப் பிளேற்றே இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

வீட்டில் 13 அம்ப் பிளக்கில் 3.2 ரொட் ஓட்டினால் பிளக்கின் கால் கறுக்கும், பியூஸ் போகும். மெயின் போட்டிலிருந்து தனியா 4 சதுர மி.மீ வயர், 20 அம்ப் எம்.சி.பி (கூட அம்ப் போனால் தானாக விழுகிற சுவிச்), 32 அம்ப் நீல இண்டஸ்ட்ரியல் சொக்கற். எம்.சி.பி சி வகையா இருக்கட்டும். பி வகை என்றால் பிளான்ட் போட்ட உடனேயே சில நேரம் விழும். இதை ஒரு எலெக்ட்ரீசியனைக் கொண்டு செய்யுங்க.

துறைமுக_பிட்டர்:

மேலே நானா சொன்ன கணக்கு சரி. ஜெனரேற்றர் பற்றி மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், பிளான்ட் எரிகிற இடம் அதுதான்.

இன்வேற்றர் பிளான்ட் 230 வோல்ற்றை நேர் மின்னாக்கிக் கப்பாசிற்றரில் வைக்கும். அங்கே 325 வோல்ற் நிற்கும். விலை குறைந்த பிளான்டில் அந்தக் கப்பாசிற்றர் 400 வோல்ற்றுக்குத்தான். ஏ.வி.ஆர் இல்லாத ஜெனரேற்றர் சுமை இல்லாமல் ஓடும்போது 270 வரை ஏறினால் உள்ளே 380 தாண்டிவிடும். ரொட்டைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் சுமை விழுந்து வோல்ற்றேஜ் துள்ளும். அந்தத் துள்ளலில்தான் பலகை போகிறது.

ஆகவே பிளான்டைச் சொருக முன் மல்ற்றிமீற்றரை வைத்துப் பாருங்கள். வெறுமையாக ஓடும்போது 245க்கு மேல் காட்டினால் சொருக வேண்டாம். 500 வொற் ஹலஜன் விளக்கு ஒன்றை நிரந்தரச் சுமையாகக் கூடவே எரிய விட்டால் துள்ளல் குறையும், ஆனால் 2.8 மெசினில் அந்த 500 வொற்றும் உங்கள் கணக்கில் கழியும்.

ஜெனரேற்றரை ஸ்ரார்ட் பண்ணி மூன்று நிமிடம் சூடாக விட்டு, பிறகு பிளான்ட். நிறுத்தும்போது ஒட்டுவதை விட்டு இரண்டு மூன்று நிமிடம் பிளான்டின் விசிறி ஓடட்டும், பிளான்டை அணையுங்கள், கடைசியில் ஜெனரேற்றர். பெற்றோல் முடிந்து தானாக இருமி நிற்க விடக்கூடாது. அந்த நேரத்திலும் வோல்ற்றேஜ் தறிகெட்டு ஆடும். எஞ்சின் சூட்டோடு பெற்றோல் ஊற்றவும் வேண்டாம்.

உப்புவெளி_கேற்:

நன்றி நானா, நன்றி அண்ணா. ஜெனரேற்றரின் பிளேற்றில் 2.5 தொடர்ந்து, 2.8 உச்சம். ஏ.வி.ஆர் என்று எங்கும் இல்லை. வயலுக்கு 30 மீற்றர் எக்ஸ்ரென்சன் இருக்கு, 1.5 சதுர மி.மீ, உருளையில் சுற்றியது. அது போதுமா?

துறைமுக_பிட்டர்:

போதாது. 30 மீற்றர் போய்வர 60 மீற்றர் செம்பு. 1.5இல் தடை 0.7 ஓம். 14 அம்ப் ஓடினால் 10 வோல்ற் விழும், 20 அம்புக்கு 14. 2.5 சதுர மி.மீ என்றால் 0.42 ஓம், முறையே 6, 8. வோல்ற்றேஜ் விழ விழ பிளான்ட் அதே வேலைக்குக் கூட அம்ப் இழுக்கும், ஆர்க் அணைந்து அணைந்து வரும், ரொட் ஒட்டிக்கொள்ளும். உருளையில் சுற்றியபடியே பாவித்தால் உள்ளே இருக்கும் சுற்றுகள் சூடு போக வழியில்லாமல் உருகும். முழுவதையும் இழுத்து விரியுங்கள்.

ஜெனரேற்றரைக் கிட்டக் கொண்டுபோவதே சுகம். அது முடியாத இடத்தில் வெல்டிங் கேபிளை நீட்டுங்கள். 25 சதுர மி.மீ கேபிள் 10 மீற்றர் ஹோல்டருக்கு, 10 மீற்றர் எர்த்துக்கு என்று போட்டாலும் 80 அம்பில் விழுவது ஒரு வோல்ற்றுக்குச் சற்று மேல்தான். பிளான்டோடு வரும் மெல்லிய இரண்டு மீற்றர் வயரை முதல் நாளே கழற்றி வையுங்கள். எர்த் கிளாம்பும் அநேகமாகத் தகரம், அதையும் மாற்ற வேண்டும்.

தம்பலகாமம்_வயல்:

இழுவைச் சனல் வெடிப்பைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இந்த வேலையில் அதுதான் ஆபத்தானது. நெல்லு ஏற்றிக்கொண்டு றோட்டில் போகும்போது விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மேலால ஒரு கோடு ஒட்டினால் அடுத்த போகத்தில் பக்கத்திலேயே வெடிக்கும். பெயின்டையும் கறளையும் கிறைண்டரால் எடுத்து, வெடிப்பு எங்கே முடிகிறது என்று தேடுங்க. கொஞ்சம் மண்ணெண்ணெய் பூசித் துடைத்துவிட்டு சோக்கட்டித் தூள் தூவினால் கோடு ஈரமாகத் தெரியும். அந்த முனைக்குச் சற்று அப்பால் 5 மி.மீ துளை போடுங்க, வெடிப்பு மேற்கொண்டு ஓடாது. மண்ணெண்ணெய் மிச்சம் இல்லாமல் துடைத்துக் காயவிட்டு, 60 பாகை வி வடிவில் கிறைண்ட் பண்ணி, அடியில் 2 மி.மீ இடைவெளி விடுங்க. முதல் ஓட்டம் 2.5 ரொட், பிறகு 3.2. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் கசடு முழுக்கத் தட்டி வயர் பிரஸ் அடிக்க வேணும். கசடுக்கு மேல் ஓட்டினால் உள்ளே பொந்து.

ஒட்டுக்கு மேலே பலத்துக்கு ஒரு பிளேற் வைப்பதென்றால் அதைச் சதுரமா வெட்டி, சனலின் குறுக்கே ஒட்டாதீங்க. அந்தக் குறுக்குக் கோட்டிலேயே திரும்ப வெடிக்கும். இரண்டு முனையையும் கூராக்கி, நீளவாக்கில் மட்டும் ஒட்டி, கூர் முனையில் ஒரு அங்குலம் ஒட்டாமல் விடுங்க.

இந்த ஒட்டுக்கு 7018 (பலமான ஒட்டுக்குரிய வகை) ரொட் நல்லது, டி.சியில் (நேர் மின்னில்) ஹோல்டர் பிளஸ். ஆனால் அந்த ரொட் ஈரம் பட்டால் 6013ஐ விடக் கேடு. பக்கற் உடைத்து வைத்த பழைய 7018ஐ 300 முதல் 350 பாகையில் காய்ச்ச வேணும், வீட்டு அவனில் அது ஏறாது. புதுப் பக்கற் உடைத்து அன்றே பாவிக்க முடியாவிட்டால் நல்லாக் காய்ந்த 6013ஐயே எடுங்க. சனலுக்கு அது தாங்கும்.

கொக்கி மாட்டுகிற துண்டு வார்ப்பிரும்பா என்று பார்க்க ஒரு சின்னத் துளை போடுங்க. சுருள் சுருளாக வந்தால் உருக்கு. தூளாகக் கொட்டினால் வார்ப்பு. வார்ப்பு என்றால் சாதாரண ரொட்டால் தொட வேண்டாம், புதுத் துண்டு மாட்டுங்க.

எர்த் கிளாம்ப் ஒட்டுகிற இடத்துக்கு ஒரு அடிக்குள். பெட்டியின் சில்லுப் பக்கம் மாட்டினால் கரண்ட் பெயாரிங்குக்குள்ளால போய்க் குண்டுகளில் புள்ளி விழும். லாண்ட்மாஸ்டரைக் கழற்றித் தூர நிறுத்துங்க.

சிறுபோக வெட்டு முடிந்து கச்சான் காற்று அடிக்கிற நாளில் வயலில் ஒட்டுவதாயிருந்தால் சுற்றிவர நாலைந்து மீற்றர் வைக்கோலைக் கூட்டி, நிலத்தை நனைத்து, இரண்டு வாளித் தண்ணியோடு ஒராளை நிற்பாட்டுங்க. முகமூடிக்குள் இருக்கிறவருக்கு நெருப்புப் பிடித்தது தெரியாது. நனைத்த நிலத்தில் நீங்க நிற்காமல் காய்ந்த பலகையில் நில்லுங்க. ரொட் தொடாமல் இருக்கும்போது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ற் நிற்கும், வேர்த்த உடம்புக்கு அது காணும். வீட்டு ட்ரிப் சுவிச் இந்தப் பக்கத்துக்குக் காவல் இல்லை. வெல்டிங் பக்கம் லைனிலிருந்து பிரிந்தது.

கிண்ணியா_ஆர்க்:

பவர் ஸ்டேஷன் கேள்வி விடுபட்டுப் போச்சு. அதில் சக்தி காணும், வேகம் காணாது. 2.5 ரொட் ஒன்று எரிய ஒரு நிமிசம் மட்டில் எடுக்கும். 2,180 வொற் ஒரு நிமிசத்துக்கு 36 வொற்-மணி. 1 கிலோவொற்-மணி பெட்டியில் கணக்குக்கு இருபது ரொட்டுக்கு மேல வரும். ஆனால் அந்த அளவுப் பெட்டிகளில் பலது 1,000 முதல் 1,800 வொற்தான் வெளியே தரும், ரொட் உரசின உடனே விழும். தொடர்ந்து 3,000 வொற்றுக்கு மேல தருகிற பெரிய பெட்டி, பி.எஃப்.சி (பவர் பெக்டரைத் திருத்துகிற பகுதி) உள்ள பிளான்ட், இரண்டும் சேர்ந்தால் வடிவா ஓடும். விலை 5 கே.வி.ஏ ஜெனரேற்றரைத் தாண்டும். இந்த வேலைக்கு வேண்டாம்.

வாகனப் பற்றரி மூன்றைத் தொடரில் மாட்டி 36 வோல்ற்றில் ஒட்டுகிற முறை ஒன்றும் இருக்கு. ஆர்க் பிடிக்கும், அம்பைக் கூட்டிக் குறைக்க வழியில்லை, பற்றரியிலிருந்து வருகிற ஐதரசன் ஒரு பொறியில் வெடிக்கும். செய்யாதீங்க.

ஜி.ஐ தூண்: ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு அங்குலத்துக்கு நாகப் பூச்சைக் கிறைண்ட் பண்ணி எடுங்க, காற்று முதுகுப் பக்கமோ விலாப் பக்கமோ வரும்படி நில்லுங்க. வெள்ளைப் புகையை இழுத்தால் இரவு காய்ச்சல், நடுக்கம். பால் குடித்தால் ஒண்டும் செய்யாது என்ற கதையை நம்ப வேண்டாம்.

நிலாவெளி_பெயின்ட்:

கேற் பற்றிச் சுருக்கமாக. கடற்கரையிலிருந்து உங்கள் வீடு கிட்ட என்றால் கேற்றைத் தின்பது உப்புத்தான். பொக்ஸ் பார் மூட்டைச் சுற்றிவர முழுமையாக ஒட்டுங்கள். புள்ளி புள்ளியாக ஒட்டி பெயின்ட் அடித்தால் இடுக்கில் உப்புத் தண்ணி நின்று ஒரு மாரிக்குள் கறள் வடியும். அடிச் சட்டத்தின் கீழ்ப்பக்கம் தண்ணி வடிய 6 மி.மீ துளை இரண்டு. கசடு இருந்த இடத்தில்தான் பெயின்ட் முதலில் உரியும், ஆகவே தட்டி, பிரஸ் அடித்து, நல்ல தண்ணியால் கழுவிக் காயவிட்டு, அன்றைக்கே நாகம் கூடின பிறைமர்.

முழுச் சட்டத்தையும் முதலில் புள்ளி ஒட்டி, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமமாக வந்த பிறகு, மூலைக்கு மூலை மாறி மாறி ஒட்டுங்கள். 1.2 மி.மீ பாருக்கு ஹோல்டர் மைனஸ், மேலிருந்து கீழே இழுத்து ஒட்டினால் துளை விழாது.

பிளான்டை வராந்தாவில் வைக்காதீர்கள். விசிறி உப்புக் காற்றை இழுத்துப் பலகையில் படிய விடும். மூடி இறுக்கும் பெட்டியில் வையுங்கள். கிறைண்டர் பொறி விசிறி வாய்ப் பக்கம் போகக் கூடாது, இரும்புத் தூள் உள்ளே படிந்தால் ஷோர்ட்.

உப்புவெளி_கேற்:

விளங்கிவிட்டது. 140 அம்ப் உண்மையாகத் தரும் பிளான்ட், வீட்டுக்குத் தனி லைன், சனலுக்கு 5 கே.வி.ஏ ஏ.வி.ஆர் ஜெனரேற்றர் ஒரு நாள் வாடகை. போன மாரியிலிருந்து திறந்து கிடக்கிற 6013 பக்கற் ஒன்று இருக்கு. அதை எறியவா?

தம்பலகாமம்_வயல்:

பூச்சில் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ, வளைக்க முன்பே பூச்சு உதிர்ந்தாலோ எறியுங்க. இல்லையென்றால் 100 பாகை மட்டில் ஒரு மணித்தியாலம் அவனில் காய்ச்சி, ஒரு பழைய தகரத்தில் ஒட்டிப் பாருங்க. படபடவென்று வெடித்துக் கோட்டில் ஊசித் துளை வந்தால் அது கேற்றுக்கும் ஆகாது. கூட நேரமோ கூடச் சூட்டிலோ காய்ச்ச வேண்டாம், 6013க்குப் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் ஆர்க் ஒழுங்கா நிற்கும்.