மரக்கன்று நடுவதைத் தாண்டி, பல்லுயிர்ப் பாதுகாப்பை நிறுவனத்தின் கொள்முதலுக்குள் கொண்டுவருவது எப்படி?

கேள்வி (கொள்முதல் பிரிவுப் பணியாளர், கோவை):

வணக்கம். நான் பணியாற்றும் உணவுப்பொருள் நிறுவனம் வால்பாறை, நீலகிரி மலைகளிலிருந்து தேயிலை, காப்பி, மிளகு வாங்குகிறது. பல்லுயிர்ப் பாதுகாப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதும், ஆலைக்கு அருகே ஆயிரம் மரக்கன்றுகள் நட்ட படத்தை நிர்வாகம் அனுப்பிவைத்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரே இனம். இரண்டாவது கோடையில் பாதி காய்ந்துவிட்டன. எங்கள் சரக்கு விளையும் மலைக்கும் அந்தக் கன்றுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது என்னை உறுத்துகிறது. நிதி, கொள்முதல், விலை ஆகிய முடிவுகளோடு இதை இணைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1 (ஓய்வுபெற்ற எஸ்டேட் கள அலுவலர்):

சரக்கு விளையும் இடத்திலிருந்து தொடங்குங்கள். வால்பாறைப் பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்களும் பிற காடுகளும் உள்ளன. தேயிலைக்கு நடுவே, தனியார் எஸ்டேட்டுகளுக்குள்ளேயே மழைக்காட்டுத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. புதுத்தோட்டத்தில் வாழும் சிங்கவால் குரங்குகள் அத்தகைய ஒரு துண்டை நம்பியே இருக்கின்றன. இந்தத் துண்டுகளை மீட்கும் பணியை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு எஸ்டேட் நிர்வாகங்களோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறது.

இந்தப் பணியில் கன்று நடும் நாள் மிகச் சிறிய பகுதிதான். எங்கள் பக்கத்து ஓடையோரத்தில் உன்னிச்செடி (லாண்டானா) என்னும் அயல்நாட்டுக் களைப் புதரை வெட்டி அகற்றி, வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் போன்ற அந்த மண்ணுக்குரிய பல இனக் கன்றுகளைக் கலந்து நட்ட பிறகு, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் களையெடுக்கத்தான் அதிக ஆள் தேவைப்பட்டது. அந்தக் கூலியை ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் எழுதாத எஸ்டேட்டில் உன்னி திரும்பவும் மூடிவிடும்.

யானை விஷயத்தில் இத்தகைய பாதுகாப்புப் பணியின் பயன் நிர்வாகங்களுக்கு விரைவில் புரிந்தது. வால்பாறையில் யானைகளால் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை, யானை அருகில் இருப்பது தெரியாமல் இருட்டில் எதிர்ப்பட்டதால் நேர்ந்தவை. 2011 முதல் யானைகள் நிற்கும் இடம் குறுஞ்செய்தியாக மக்களுக்குப் போகிறது. யானை அருகில் இருக்கும்போது எரியும், மேட்டில் பொருத்திய சிவப்பு விளக்குகள் தொலைவிலிருந்தே எச்சரிக்கின்றன. கொழுந்து பறித்துவிட்டு லயன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) திரும்பும் பெண்களுக்கு இது உயிர்ப் பாதுகாப்பு. ஆகவே இதைத் தொழிலாளர் பாதுகாப்புச் செலவாகவே கணக்கிடலாம்.

பதில் 2 (தணிக்கைத் துறை):

மேலே சொன்ன பணிகள் நடந்தால்தான் அறிக்கையில் எழுத ஏதாவது இருக்கும். 2022 டிசம்பரில் உலக நாடுகளால் ஏற்கப்பட்ட குன்மிங்-மான்ட்ரியால் உலகப் பல்லுயிர்ச் சட்டகத்தின் 15-ஆவது இலக்கு, பெரிய நிறுவனங்கள் தம் விநியோகச் சங்கிலி வரை பல்லுயிர்மீதான சார்பையும் பாதிப்பையும் மதிப்பிட்டு வெளியிட வேண்டும் என்கிறது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். என்னும் வணிகப் பொறுப்பு, நீடித்தநிலை அறிக்கை 2022-23 நிதியாண்டு முதல் சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயம். உங்கள் நிறுவனம் அதற்குள் வராவிட்டாலும், உங்களிடம் வாங்குபவர் வரலாம். விற்கும் பொருள் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்பதை நிலத்தின் அமைவிடத்தோடு காட்டச் சொல்லும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் தேயிலை இல்லை, காப்பி இருக்கிறது.

வரிசை முக்கியம்: முதலில் இயற்கைக்கு நேரும் கேட்டைத் தவிர்ப்பது, முடியாதபோது குறைப்பது, பிறகு மீட்பது, எல்லாவற்றுக்கும் கடைசியாகவே வேறிடத்தில் ஈடுசெய்வது. உங்கள் நிர்வாகம் கடைசிப் படியிலிருந்து தொடங்கியிருக்கிறது. தவிர்க்க வேண்டிய இடத்தைத் தொடக்கத்திலேயே கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை அரிட்டாபட்டி சான்று. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பகுதியையும் உள்ளடக்கி ஏலம் விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி, மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியில் ரத்தானது.

பதில் 3 (சிறு தேயிலை விவசாயி, நீலகிரி):

இரண்டு பதில்களிலும் விலை என்ற சொல் வரவில்லை. ஓடைக்கரையில் பத்தடி அகலத்துக்கு மருந்தடிக்காமல் விடுங்கள், சதுப்பை வடித்துத் தேயிலை வைக்காதீர்கள் என்று வாங்குபவர்கள் சொல்வது சரியே. அந்தச் சதுப்பில் ஊறும் தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம். ஆனால் அந்தப் பத்தடியில் பறிக்காமல் போகும் கொழுந்தின் இழப்பு என் தலையில் மட்டும் விழுகிறது. ஒரே பருவத்துக்கு வாங்கிவிட்டு மறு பருவம் வேறிடம் போகும் நிறுவனத்துக்காக, வளர்ந்து நிழல் தரப் பல ஆண்டுகள் பிடிக்கும் நாட்டு மரத்தை நான் எப்படி நடுவேன்? சில்வர் ஓக் சீக்கிரம் வளரும், மிளகுக்கொடி ஏற்றவும் வசதி. அதனால்தான் எல்லோரும் அதை வைக்கிறோம். பல ஆண்டு ஒப்பந்தமும், கிலோவுக்குக் கூடுதலாக எவ்வளவு என்ற தொகையும் எழுத்தில் வந்தால் நிபந்தனைகளைப் பேசலாம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு எங்கள் கொள்முதல் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். குன்னூர் ஏலத்தில் வாங்கும் தேயிலைத் தூளுக்குத் தொழிற்சாலையின் பெயர் வரை இருக்கிறது. கொழுந்து எந்தச் சரிவில் பறிக்கப்பட்டது என்பது எங்கும் இல்லை. காப்பியும் மிளகும் மட்டும் மூன்று தோட்டங்களிலிருந்து நேரடியாக வருகின்றன. ஆகவே அந்த மூன்றின் வரைபடங்களையும் கேட்டு எழுதியிருக்கிறேன். அடுத்த ஒப்பந்தத்தை ஐந்தாண்டுக்குப் போடவும், ஓடைக்கரை இழப்புக்கும் களையெடுப்புக் கூலிக்கும் தனித்தொகை சேர்க்கவும் நிதிப் பிரிவுக்குக் குறிப்பு வைக்கப்போகிறேன். விவசாயி ஐயா, பத்தடி அகலத்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு கொழுந்து குறையும் என்பதைக் கணக்கிடும் முறையைச் சொன்னால், அதை அப்படியே குறிப்பில் சேர்த்துவிடுவேன்.